ஸ்கா: கிங்ஸ்டனின் ஒலிபெருக்கிப் போட்டியில் பிறந்த இசை

கரீபியக் கடலில் உள்ள ஜமைக்கா, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து 1962 ஆகஸ்ட் 6 அன்று விடுதலை பெற்றது. அதே காலத்தில் தலைநகர் கிங்ஸ்டனின் நடனத் திடல்களில் முழங்கிக்கொண்டிருந்த வேகமான, துள்ளலான இசைக்கு ஸ்கா என்று பெயர். இரண்டும் ஒருசேர நிகழ்ந்ததால், புது நாட்டின் உற்சாகமே ஸ்காவாக வெளிப்பட்டது என்ற விளக்கம் நிலைபெற்றுவிட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. விடுதலையை வரவேற்று டெரிக் மோர்கன் பாடிய ‘ஃபார்வர்ட் மார்ச்’ அந்த ஆண்டில் ஜமைக்கா முழுவதும் ஒலித்த பாடல். ஆனால் ஸ்காவின் தாளக்கட்டு கொடியேற்றத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே உருவாகிவிட்டது. அதை உருவாக்கியவர்கள், தேசிய இசை ஒன்றைப் படைத்தே தீர வேண்டும் என்று புறப்பட்டவர்கள் அல்லர். மதுக்கடை நடத்திய முன்னாள் போலீஸ்காரர் ஒருவர், அமெரிக்காவுக்குக் கரும்பு வெட்டப் போய்வந்த ஒருவர், குத்துச்சண்டை பழகிய இளைஞர் ஒருவர் என்று பலதரப்பட்ட மனிதர்கள், ஒருவர் தொழிலை மற்றவர் முறியடிப்பதற்காக நடத்திய போட்டி ஒரு பக்கம். ஏழைச் சிறுவர்களுக்காகக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளியின் பேண்டு வாத்தியப் பயிற்சி மறுபக்கம். இந்த இரண்டும் சந்தித்த இடத்தில்தான் ஸ்கா பிறந்தது. பின்னாளில் அது நாடு நாடாகப் பரவியபோது எது கூடவே போயிற்று, எது பின்தங்கிற்று என்பதும் இந்த இரட்டைப் பிறப்பை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

1940களின் இறுதியில் கிங்ஸ்டனின் ஏழை மக்களுக்கு வானொலிப் பெட்டியும் இசைத்தட்டுக் கருவியும் எட்டாத பொருள்கள். ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் வாசித்த பெரிய இசைக்குழுக்களைக் கேட்பதும் அவர்களுக்குக் கட்டுபடியாகாது. அந்த வெற்றிடத்தை நிரப்பியது சவுண்ட் சிஸ்டம். நம் ஊர் மைக் செட்டைப் போல அது ஏதோ ஒரு விழாவுக்குத் துணையாக வாடகைக்குப் போவதல்ல; அதுவே விழா. வேலியடைத்த ஒரு திடலில் அலமாரி உயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, வால்வு ஆம்ப்ளிஃபையரை முடுக்கிவிட்டு, விடியும்வரை இசைத்தட்டுகளை ஓட்டுவார்கள். வாசலில் டிக்கெட் விற்பார்கள். உள்ளே பீரும் ரம்மும் சாப்பாடும் விற்பார்கள். கூட்டம் எந்தத் திடலுக்குப் போகிறதோ அந்தத் திடலின் முதலாளிக்குத்தான் அன்றைய வரும்படி. ஆகவே ஒலியின் வலுவும், வேறு எவரிடமும் இல்லாத பாட்டைக் கையில் வைத்திருப்பதும் பிழைப்பின் ஆதாரங்களாயின.

இந்தத் தொழிலின் முதல் பெரும் பெயர் டாம் வோங். சீன வம்சாவளியைச் சேர்ந்த இவர் இரும்புச் சாமான் வியாபாரி. ‘டாம் த கிரேட் செபாஸ்டியன்’ என்ற பெயரில் சவுண்ட் சிஸ்டம் நடத்தினார். 1950களில் அவருடைய இடத்தைப் பிடித்தவர்கள் இருவர். ஆர்தர் ‘டியூக்’ ரீட் போலீஸ் வேலையை விட்டு வந்தவர். ‘டிரஷர் ஐல்’ என்ற மதுக்கடையின் உரிமையாளர். இடுப்பில் துப்பாக்கியும் மார்பில் தோட்டா வாருமாக நடன நிகழ்ச்சிக்கு வந்து இறங்குவதில் விருப்பமுள்ளவர். கிளெமென்ட் ‘காக்ஸன்’ டாட், பருவ வேலைக்காக அமெரிக்கத் தென்பகுதிக்குப் போய், அங்கே கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ் இசையைக் கேட்டு, திரும்பும்போது இசைத்தட்டுகளோடு வந்தவர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஃபேட்ஸ் டோமினோ, மெம்ஃபிஸின் ராஸ்கோ கார்டன், எங்கும் புகழ்பெற்றிருந்த லூயிஸ் ஜோர்டான் ஆகியோரின் பாடல்களே அப்போது கிங்ஸ்டன் திடல்களின் உணவு. இரவில் வானிலை சாதகமாக இருந்தால் மயாமி வானொலியும் ஜமைக்காவில் எடுக்கும்.

போட்டி எந்த அளவுக்கு முற்றியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். அரிய இசைத்தட்டு ஒன்று கையில் கிடைத்தால், அதன் நடுவே ஒட்டியிருக்கும் தாளைச் சுரண்டியெடுத்துவிட்டு, பாட்டுக்கு வேறொரு பெயரைச் சூட்டி ஒலிபரப்புவது வழக்கம். பாடியவர் யார், எந்தக் கம்பெனி என்று எதிரி தேடிக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதே காரணம். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் வில்லிஸ் ஜாக்சனின் ஒரு இசைத்தட்டை டாட் இப்படித்தான் ‘காக்ஸன் ஹாப்’ என்று மாற்றித் தன்னுடைய அடையாள இசையாகவே ஆக்கிக்கொண்டார். ரீட் விடாமல் தேடி அதே இசைத்தட்டைக் கண்டுபிடித்து, ஒருநாள் தன் திடலில் எல்லோர் முன்னிலையிலும் ஒலிக்கவிட்டபோது டாட்டின் மானம் கப்பலேறியது. வெளியிலிருந்து வாங்கும் சரக்கு எவ்வளவு அரியதாக இருந்தாலும் என்றைக்காவது எதிரியின் கைக்கும் போய்ச் சேரும் என்ற பாடம் அதில் இருந்தது. இதற்கு மேல், 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சந்தை ராக் அண்ட் ரோல் பக்கமும் மென்மையான பாடல்களின் பக்கமும் சாய்ந்துவிட, கிங்ஸ்டன் கூட்டம் விரும்பிய முரட்டு ரிதம் அண்ட் புளூஸ் வரத்தும் குறையத் தொடங்கியது.

இனி சொந்தமாகப் பாட்டைத் தயாரிப்பதுதான் வழி. கென் கூரி நடத்திய ஃபெடரல் ஸ்டுடியோவில் உள்ளூர் கலைஞர்களை வைத்து டாட்டும் ரீட்டும் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார்கள். கவனிக்க வேண்டியது, முதலில் இவை கடையில் விற்பதற்காகப் பதியப்படவில்லை என்பதுதான். பதிந்த பாட்டை மென்மையான அசிடேட் தட்டு ஒன்றில் வெட்டி எடுத்துப்போய் அன்றிரவே திடலில் போட்டுப் பார்ப்பார்கள். கூட்டம் ஆடினால் மறுபடி மறுபடி போடுவார்கள். ஆடாவிட்டால் அந்தப் பாட்டின் ஆயுள் அத்தோடு முடிந்தது. பல வாரங்கள் இப்படி ஓடி, ஜனங்களிடமிருந்து கேட்பு வந்த பிறகுதான் விற்பனைக்கு இசைத்தட்டு அச்சாகும். இசையமைப்பாளரின் மேதைமையை விட ஆடுபவர்களின் கால்களே எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்பதைத் தீர்மானித்த இந்த முறைதான், ரிதம் அண்ட் புளூஸின் நகலாகத் தொடங்கிய ஒன்று ஓரிரு ஆண்டுகளுக்குள் அடையாளம் தெரியாமல் மாறிப்போனதற்குக் காரணம் என்பது என் கருத்து.

மாறியது எது? ரிதம் அண்ட் புளூஸின் ஆட்ட நடை, திஸ்ர நடையின் சாயல் கொண்டது. அடி விழும் இடத்துக்கும் அதன் பின்பாதிக்கும் இடையே ஒரு ஊசலாட்டம் அதில் இருக்கும். ராஸ்கோ கார்டனின் பியானோ வாசிப்பில் அந்தப் பின்பாதி ஏற்கெனவே சற்றுத் தூக்கலாகக் கேட்கும். ஜமைக்காவின் நாட்டுப்புற இசையான மென்டோவிலும், பாஞ்சோவும் கிட்டாரும் அடிக்கும் அடிக்கும் இடைப்பட்ட இடத்தைத் தட்டிக்கொடுக்கும் பழக்கம் உண்டு. இந்த இரண்டு பழக்கங்களும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டதன் விளைவே ஸ்காவின் தாளம். நான்கு அடிகள் கொண்ட சுற்றில், கிட்டாரும் பியானோவும் அடி விழும் இடத்தில் மௌனம் காத்து, அரை இடம் தள்ளிக் குறுகலாக வெட்டி ஒலிக்கும். கர்நாடக இசையில் பல்லவி எடுக்கும் இடத்தில் மட்டும் நாம் கேட்கும் ‘அரை இடம் தள்ளிய எடுப்பு’, இங்கே பாட்டு முழுவதும் ஒவ்வோர் அடிக்கும் இடைவிடாமல் நிகழ்கிறது. கீழே பேஸ் ஒவ்வோர் அடியிலும் ஒரு ஸ்வரம் வைத்து நடந்துகொண்டே இருக்கும். டிரம்ஸ் இரண்டாவது, நான்காவது அடிகளில் அழுத்தும். நடக்கும் பேஸ், இடைவெளியில் வெட்டும் கிட்டார், இரண்டிலும் நான்கிலும் அறையும் டிரம்ஸ் ஆகிய மூன்றும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புவதால், வேகம் அதிகமில்லாத பாட்டிலும் கால் நிற்காது.

பியானோ கலைஞர் தியோஃபிலஸ் பெக்ஃபோர்டு பாடி 1959இல் விற்பனைக்கு வந்த ‘ஈஸி ஸ்னாப்பிங்’ இந்த மாற்றத்தின் வாசற்படியில் நிற்கும் பாடல். கேட்டால் ரிதம் அண்ட் புளூஸ் என்றும் சொல்லலாம், ஸ்கா என்றும் சொல்லலாம். ஸ்காவின் இந்தத் தாளத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. டாட்டின் பணியாளாக இருந்து பிரிந்து ‘வாய்ஸ் ஆஃப் த பீப்பிள்’ என்று சொந்த சவுண்ட் சிஸ்டம் தொடங்கிய குத்துச்சண்டை இளைஞர் பிரின்ஸ் பஸ்டர், கிட்டார் கலைஞர் ஜா ஜெர்ரியிடம் இடைவெளியை அழுத்தி வாசிக்கச் சொன்னது தான்தான் என்றார். டாட்டின் தரப்பு கிட்டார் மேதை எர்னஸ்ட் ராங்லினைச் சுட்டியது. எவர் காசு கொடுத்தாலும் ஸ்டுடியோவுக்குள் வாசித்தவர்கள் அநேகமாக அதே பத்துப் பதினைந்து பேர்தான் என்பதை நினைவில் வைத்தால், இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்லும் அவசியமே இல்லை. பஸ்டருக்கு உறுதியாகச் சேர வேண்டிய புகழ் வேறொன்று: மேல்தட்டினரும் போலீஸும் வெறுத்து ஒதுக்கிய ராஸ்தஃபாரி என்ற சமய இயக்கத்தைச் சேர்ந்த மக்களின் முரசுக் கலைஞர் கவுன்ட் ஆசியையும் அவர் குழுவினரையும் ஸ்டுடியோவுக்குள் அழைத்துவந்து, ஃபோக்ஸ் சகோதரர்கள் பாடிய ‘ஓ கரோலினா’வைப் பதிந்தவர் அவர். ஆப்பிரிக்க வேர் கொண்ட அந்த முரசொலி, அதுவரை ஜமைக்காவின் விற்பனைப் பாடல்களில் இடம்பெறாத ஒன்று.

அந்தப் பத்துப் பதினைந்து பேர் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு விடை கிங்ஸ்டனின் சவுத் கேம்ப் சாலையில் இருக்கிறது. கத்தோலிக்கத் தொண்டுப் பணியாக 1880இல் தொடங்கி, பின்னர் மெர்சி சபைக் கன்னியாஸ்திரீகளின் பொறுப்பில் வளர்ந்த ஆல்ஃபா பள்ளி, அநாதைகளுக்கும், வறுமையாலும் குறும்பாலும் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாதென்று கொண்டுவந்து விடப்பட்ட சிறுவர்களுக்கும் புகலிடம். தச்சு, தையல், அச்சுத் தொழில் போன்றவற்றோடு பேண்டு வாத்தியமும் அங்கே ஒரு தொழிலாகவே கற்பிக்கப்பட்டது. ராணுவ பேண்டிலோ ஹோட்டல் இசைக்குழுவிலோ வேலை கிடைக்கும் என்பது கணக்கு. ஆகவே பயிற்சி கறாரானது. நொட்டேஷன் படிக்கத் தெரியாமல், ஸ்வரம் பிசகாமல் ஊதத் தெரியாமல் யாரும் வெளியேற முடியாது. 1939இல் அங்கே வந்து சேர்ந்து, 2003இல் இறக்கும்வரை பணியாற்றிய சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் டேவிஸ் இந்தப் பயிற்சிக்கு உயிரூட்டியவர். சபை உடுப்போடு நின்று சிறுவர்களுக்கு ஜாஸும் புளூஸும் இசைத்தட்டில் போட்டுக் காட்டிய இந்த அம்மையார், ஜமைக்காவின் இசை வரலாற்றில் எந்தத் தயாரிப்பாளருக்கும் குறைந்தவர் அல்லர்.

டெனர் சாக்ஸபோன் வாசித்த டாமி மெக்குக், டிராம்போன் வாசித்த டான் டிரம்மண்ட், ட்ரம்பெட் வாசித்த ஜானி ‘டிஸ்ஸி’ மூர், ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் ஆல்ஃபாவின் பிள்ளைகள். மெக்குக்கும், அவரைப் போலவே டெனர் சாக்ஸபோன் வாசித்த ரோலண்ட் அல்ஃபோன்சோவும் பிறந்தது கியூபாவின் ஹவானாவில். கியூபாவுக்குப் பிழைக்கப் போன ஜமைக்கர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களோடு திரும்பிவந்த லத்தீன் தாளச் சுவையை லாயிட் நிப்பின் டிரம்ஸிலும் கேட்கலாம். பகலில் ஸ்டுடியோவில் கூலிக்கு வாசித்துவிட்டு, இரவில் வாரைக்கா மலைச்சரிவில் இருந்த கவுன்ட் ஆசியின் முகாமுக்குப் போய் முரசுகளோடு சேர்ந்து மணிக்கணக்காக மனோதர்மமாக வாசிப்பது இவர்களில் பலருக்கு வழக்கம். நகலெடுத்துத் தொடங்கிய நடன இசைக்கு ஜாஸின் ஆழம் கிடைத்தது இப்படித்தான்.

1963இல் டாட், பிரென்ட்ஃபோர்டு சாலை 13ஆம் எண் கட்டடத்தை வாங்கி, பிற்பாடு ‘ஸ்டுடியோ ஒன்’ என்று உலகம் அறிந்த சொந்த ஸ்டுடியோவை அமைத்தார். அடுத்த ஆண்டு அங்கே வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு குழுவாகத் திரண்டு ஸ்கேட்டலைட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1964 நடுவிலிருந்து 1965 ஆகஸ்ட் வரை, பதினைந்து மாதங்கள்கூட நீடிக்காத அந்தக் குழுவின் கணக்கில் இருக்கும் ஒலிப்பதிவுகள் நூற்றுக்கணக்கானவை. டாட், ரீட், பஸ்டர், ஜஸ்டின் யாப் என்று எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் அவர்கள் வாசித்தார்கள். எல்லோரும் ஒரே அறையில் நின்று ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். ஒருவர் தவறினால் மொத்தப் பாட்டையும் திரும்ப வாசிக்க வேண்டும். சம்பளமோ பாட்டுக்கு இவ்வளவு என்று ஒருதரம் கொடுப்பதோடு சரி. பாட்டைக் கேட்டால் முதலில் ஊதுகருவிகள் எல்லாம் சேர்ந்து ஒரு மெட்டை வாசிக்கும். பிறகு ஒருவர் முன்வந்து தனி ஆவர்த்தனம் போல விரிப்பார். பின்னணியில் மற்றவர்கள் அரை இடத்தில் ஊதித் தாளத்தைத் தாங்குவார்கள். மீண்டும் மெட்டுக்குத் திரும்பி முடிப்பார்கள். மூன்று நிமிட நடனப் பாட்டுக்குள் ஜாஸ் கச்சேரி ஒன்றின் முழு அமைப்பும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ‘தி வெய்லர்ஸ்’ என்ற இளம் பாடகர் குழு, ‘சிம்மர் டவுன்’ என்ற தங்கள் முதல் பெரிய வெற்றியைப் பதிந்தபோது பின்னால் வாசித்தவர்களும் இவர்கள்தான். வேலையின்றித் திரிந்து கத்திக்கும் சண்டைக்கும் பழகிவந்த மேற்குக் கிங்ஸ்டன் இளைஞர்களை, அதாவது ‘ரூட் பாய்’களை, சற்றுச் சூடு தணியச் சொல்லும் அந்தப் பாட்டைப் பாடியவர் பாப் மார்லி.

இந்தக் குழுவின் ஆன்மா டிரம்மண்ட் என்பதில் கேட்பவர்களுக்கு இரண்டு கருத்து இருக்க முடியாது. துள்ளும் தாளத்தின் மேல் அவருடைய டிராம்போன் மட்டும் துயரத்தோடு, அவசரமே இல்லாமல் நகரும். நெடுங்காலம் மனநோயால் அவதிப்பட்ட அவர், 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் துணைவியைக் குத்திக் கொன்றார். மார்கரிட்டா என்ற மேடைப் பெயரால் அறியப்பட்ட அனிடா மஹ்ஃபூத் என்ற அந்த நடனக் கலைஞர், கவுன்ட் ஆசியின் முரசுகளுக்கு ஆடியவர்; டிரம்மண்டைப் பற்றித் தானே எழுதிப் பாடி ஒரு பாட்டையும் பதிந்தவர். டிரம்மண்டின் மேதைமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் பல காலம் மார்கரிட்டாவை ஒரு அடிக்குறிப்பாகவே நடத்தினார்கள் என்பது நியாயமல்ல. பெல்வ்யூ மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்ட டிரம்மண்ட் 1969இல் அங்கேயே இறந்தார்.

ஸ்காவை அரசு கண்டுகொண்ட விதத்தில் வர்க்கத்தின் சாயம் வெளுத்தது. 1964இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சிக்கு, அப்போது அமைச்சராகவும் அதற்கு முன் இசைத்தட்டுக் கம்பெனி முதலாளியாகவும் இருந்த எட்வர்ட் சியாகா ஒரு ஸ்கா குழுவை அனுப்பினார். பிரின்ஸ் பஸ்டரும் ஜிம்மி கிளிஃபும் மில்லி ஸ்மாலும் அதில் போனார்கள். ஆனால் வாத்தியக் குழுவாகப் போனது ஸ்கேட்டலைட்ஸ் அல்ல. நகரத்தின் வசதியான பகுதி ஹோட்டல்களில் வாசித்துப் பழகிய பைரன் லீயின் டிராகனேர்ஸ். இசையை உருவாக்கிய சேரிக் கலைஞர்கள் ஊரிலேயே இருக்க, அதை அவர்களிடமிருந்து கற்றவர்கள் நாட்டின் பிரதிநிதிகளானார்கள். அந்த மனக்குறை கடைசிவரை ஆறவில்லை. நியூயார்க்கில் ஸ்கா எடுபடவுமில்லை.

1966 வாக்கில் கிங்ஸ்டனில் ஸ்கா ஓய்ந்தது. அந்த ஆண்டின் கோடை வெயிலில் துள்ளி ஆட முடியாமல்தான் தாளம் மெதுவாயிற்று என்று பலரும் சொல்வார்கள். சுவையான கதை, வலுவான காரணங்கள் வேறு. ஸ்கேட்டலைட்ஸ் கலைந்துவிட்டது. பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுப்பதை விட, எலெக்ட்ரிக் பேஸும் கிட்டாரும் மூன்று குரல்களும் இருந்தால் போதும் என்பது தயாரிப்பாளருக்கு மலிவு. விடுதலையின்போது எதிர்பார்த்த வேலையும் வீடும் வராத ஏமாற்றத்தில் மேற்குக் கிங்ஸ்டன் கொதித்துக்கொண்டிருந்தது; கட்சி அடியாட்களின் மோதலால் 1966 அக்டோபரில் அங்கே நெருக்கடி நிலையே அறிவிக்கப்பட்டது. டிரினிடாடிலிருந்து வந்த கிட்டார் கலைஞர் லின் டெய்ட் வகுத்துக்கொடுத்த மெதுவான, பேஸ் முன்னே நிற்கும் ராக்ஸ்டெடி என்ற இசை வகை இரண்டு ஆண்டுகள் கோலோச்சியது. 1968 அளவில் அதிலிருந்து, பின்னாளில் மார்லியின் பெயரோடு உலகம் அறிந்த ரெகே பிறந்தது. ஸ்காவின் அரை இடத்து வெட்டு ரெகேயிலும் உண்டு. ஊதுகருவிகளின் முதன்மை மட்டும் திரும்பி வரவில்லை.

இதற்குள் ஸ்கா கடல் கடந்திருந்தது. பிரிட்டனுக்குக் குடியேறிய ஜமைக்கர்கள் ஊரின் பாட்டைக் கேட்க ஏங்கினார்கள். எமில் ஷாலிட்டின் ‘புளூ பீட்’ கம்பெனி 1960இலிருந்து அவர்களுக்கு அதை விற்றது. அந்தப் பெயரே அங்கே இந்த இசைக்கும் பெயராயிற்று. ஜமைக்காவின் வெள்ளையின வசதியான குடும்பத்தில் வளர்ந்த கிறிஸ் பிளாக்வெல், பதின்வயது மில்லி ஸ்மாலை லண்டனுக்கு அழைத்துவந்து, ராங்லினின் இசைக்கோவையில் பதிந்த ‘மை பாய் லாலிபாப்’ 1964இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. இதை ஸ்காவின் நீர்த்துப்போன வடிவம் என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் பிளாக்வெல்லின் ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனம் உலகச் சந்தையில் கால் ஊன்றியதும், பின்னாளில் மார்லியை ஏந்திக்கொண்டதும் இந்த ஒரு பாட்டின் தோளில் ஏறித்தான். பிரிட்டனின் வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும், முதலில் நாகரிக உடையில் நாட்டம் கொண்ட ‘மாட்’களும் பிறகு தலைமுடியை ஒட்ட வெட்டிய ‘ஸ்கின்ஹெட்’களும், பஸ்டரின் பாடல்களைத் தேடி வாங்கினார்கள். ‘அல் கபோன்’ 1967இல் அங்கே முதல் இருபதுக்குள் வந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, மோட்டார் தொழிற்சாலைகள் நொடித்துக்கொண்டிருந்த கோவென்ட்ரி நகரத்தில், அந்த ‘அல் கபோன்’ மேல் புதுப் பாட்டை ஏற்றி ஸ்பெஷல்ஸ் என்ற குழு ‘கேங்ஸ்டர்ஸ்’ என்று வெளியிட்டது. குழுவின் மூளையும், ‘டூ டோன்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவருமான ஜெர்ரி டாம்மர்ஸ் ஒரு பாதிரியாரின் மகன். பிறந்தது நம் உதகமண்டலத்தில், 1955இல். சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டதால் இதற்கு மேல் நாம் உரிமை கொண்டாட ஒன்றுமில்லை. தேசிய முன்னணி என்ற நிறவெறிக் கட்சி தெருவில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நிற்பதையே கொள்கையாக வைத்தது டூ டோன். கறுப்பு வெள்ளைக் கட்டம் அதன் சின்னம். செலக்டர், மேட்னஸ், பீட் ஆகிய குழுக்கள் இதன் வழியாகவே வந்தன. 1979 நவம்பரில் பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் ஸ்பெஷல்ஸ், செலக்டர், மேட்னஸ் மூன்றும் ஒரே நாளில் தோன்றின.

இவர்களுடைய ஸ்கா, பங்க் என்ற முரட்டு ராக் இசையின் வேகமும் கோபமும் கலந்தது. கிங்ஸ்டன் ஸ்காவில் இருந்த தனி ஆவர்த்தனங்களுக்கு அதில் இடம் குறைவு. இதை டாம்மர்ஸ் உணர்ந்தே இருந்தார் போலும். ஆல்ஃபாவில் டிரம்மண்டிடமே டிராம்போன் கற்று, 1960களின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்து, பல ஆண்டுகள் உரிய கவனம் பெறாமலிருந்த ரிகோ ரோட்ரிகஸை ஸ்பெஷல்ஸ் அழைத்துவந்து தங்களோடு நிறுத்திக்கொண்டது. 1981இல் வெளியான ‘கோஸ்ட் டவுன்’ பாட்டில் சலசலப்பெல்லாம் அடங்கிய ஓரிடத்தில் ஒலிக்கும் டிராம்போன் அவருடையதே. மூடிய கடைகளையும் வேலையற்ற இளைஞர்களையும் பேய் ஊராகக் காட்டிய அந்த மெதுவான, அச்சமூட்டும் பாட்டு, லிவர்பூலிலும் லண்டனிலும் வேறு பல நகரங்களிலும் கலவரத் தீ எரிந்த அதே ஜூலையில் முதலிடத்தில் இருந்தது. பாட்டு கலவரத்தை உண்டாக்கவில்லை. வரப்போவதை முன்கூட்டியே கேட்டிருந்தது. அதன் மறுபக்கத்தில் இருந்த ஒரு பாட்டு, கிட்டார் கலைஞர் லின்வல் கோல்டிங் தன்மேல் நடந்த நிறவெறித் தாக்குதலைப் பற்றி எழுதியது. அந்த ஆண்டு முடிவதற்குள் குழு உடைந்தது.

அமெரிக்காவில் நடந்ததை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1980களில் நியூயார்க்கின் டோஸ்டர்ஸும் கலிஃபோர்னியாவின் ஆபரேஷன் ஐவியும் போட்ட பாதையில், 1990களின் நடுவில் ஸ்கா-பங்க் ஒரு பெரிய வியாபாரமாயிற்று. நோ டவுட், மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ், ரீல் பிக் ஃபிஷ் போன்ற பெயர்கள் வானொலியை நிறைத்தன. பத்தாண்டு முடிவதற்குள் அலை வடிந்தது. புறநகர்ப் பள்ளி பேண்டுகளில் ட்ரம்பெட் பழகிய பிள்ளைகளுக்கு ராக் குழுக்களில் இடம் கிடைத்தது அதன் நல்ல விளைவு. ஆனால் ஊதுகருவிகள் பெரும்பாலும் கிட்டார் இரைச்சலுக்கு மேல் ஒட்டிய அலங்காரமாகவே இருந்தன. பாட்டுகளின் பொருளும் கிங்ஸ்டனின் பசியிலிருந்தும் கோவென்ட்ரியின் கோபத்திலிருந்தும் வெகுதூரம் வந்துவிட்டது.

ஒரு தாளக்கட்டை எந்த ஊரிலும் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஆல்ஃபாவில் பல ஆண்டுகள் எடுத்த பயிற்சியை அப்படி எடுத்துப்போக முடியாது. ஆகவே ஸ்கா இன்றைக்கும் முழு உடம்போடு இருப்பது, ஊதுகருவிப் பயிற்சி ஏற்கெனவே ஊன்றியிருக்கும் இடங்களில்தான் என்பதில் வியப்பில்லை. தெருவிலும் திருவிழாவிலும் பேண்டு வாத்தியம் முழங்கும் மெக்சிகோவில், பான்தெயோன் ரொகோகோ போன்ற குழுக்களுக்குப் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். பள்ளிதோறும் ஊதுகருவிக் குழு இருக்கும் ஜப்பானில், 1980களின் நடுவில் தொடங்கிய டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா, ஸ்கேட்டலைட்ஸைப் போலவே முழு ஊதுகருவி வரிசையோடு, பாட்டே இல்லாத வாத்திய இசையை அரங்கம் நிறையக் கேட்க வைக்கிறது. ஸ்கேட்டலைட்ஸும் 1983இல் ஜமைக்காவின் ‘ரெகே சன்ஸ்பிளாஷ்’ விழாவில் மீண்டும் ஒன்றுகூடி, அதன் பிறகு பல ஆண்டுகள் நாடு நாடாகச் சுற்றியது. 1964இல் நியூயார்க் போக இடம் கிடைக்காத மெக்குக், அல்ஃபோன்சோ, ஸ்டெர்லிங், நிப் ஆகியோர் முதுமையில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஸ்கேட்டலைட்ஸாக மேடையேறியது அந்தச் சுற்றுப்பயணங்களில்தான்.